கன்று எந்த மாதத்தில் பின்தங்குகிறது?

தென்னாப்பிரிக்காவில் ஸ்டாங்கருக்கு உள்பக்கம் மாடு வைத்திருக்கும் ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார்: பசுக்கள் எல்லாம் ங்குனி (அந்த ஊர் நாட்டு மாடு) கலப்பு, புல்லை மட்டுமே நம்பி மேய்கின்றன, காளையும் வருஷம் முழுக்கக் கூடவே திரிகிறது. ஏழு மாதத்தில் கன்றைப் பிரித்து ஏலத்துக்குக் கொண்டுபோனால் பக்கத்துப் பண்ணையின் சிமெண்டாலர் இனக் கன்றுகளுக்கு முன்னால் சின்னதாக நிற்கிறது. தாய்க்குப் பால் போதவில்லையோ, ஜெர்சிக் காளை ஒன்றை வாங்கி விடலாமா என்கிறார்.

அண்ணே, இப்போதைக்கு வாங்காதீர்கள். பால் முக்கியம்தான், ஆனால் முதல் மூன்று மாதத்துக்குத்தான் அது கன்றின் வளர்ச்சியைப் பெரிதாகத் தீர்மானிக்கிறது. அந்த வயதில் தோராயமாகப் பத்து லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ எடை ஏறும், புல் இன்னும் சரியாகச் செரிக்காது. இறைச்சிக்கு வளர்க்கும் பசுவுக்குப் பால் உச்சம் தொடுவது இரண்டாவது மாதம், அதற்கப்புறம் இறங்குமுகம், ஏழாவது மாதத்தில் பாதி அளவுக்கு வந்துவிடும். ஆனால் கன்றின் தேவை ஏறிக்கொண்டே போகிறது, நாலு மாதம் ஆகும்போது பாதிச் சத்தை அது புல்லிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அதனால் ஏலத்தில் சின்னதாக நிற்கும் கன்று பாலில்லாமல் இளைத்ததா, புல்லில்லாமல் இளைத்ததா என்று அன்றைக்குப் பார்த்துச் சொல்ல முடியாது.

எடை போடுங்கள். மூன்று மாதத்தில் ஒரு தடவை, பிரிக்கும்போது ஒரு தடவை. மூன்றிலேயே குறைவு என்றால் தாயைப் பாருங்கள், அதுவரை நன்றாக வந்து அப்புறம் நின்றுபோனால் புல்லைப் பாருங்கள். ஒரு பசுவின் பால் மேல் சந்தேகம் இருந்தால், காலையில் கன்றை மடி வற்றக் குடிக்கவிட்டுப் பிரித்துக் கட்டுங்கள், பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கன்றை எடை போட்டு, குடிக்கவிட்டு, சாணியோ மூத்திரமோ போவதற்குள் மறுபடியும் எடை போடுங்கள், வித்தியாசத்தை இரண்டால் பெருக்கினால் ஒரு நாள் பால் தெரிந்துவிடும். தராசு அரைக் கிலோவைக் காட்டாவிட்டால் இது வேண்டாம். தலையீத்துப் பசு எப்படியும் குறைவாகத்தான் கொடுக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மடியைக் கையால் தடவிப் பாருங்கள், இதை நிறையப் பேர் செய்வதில்லை. உங்கள் பக்கம் போன்ட் என்ற வகை உண்ணி இருக்கிறது, அதன் வாய் நீளம், காம்பிலும் மடியிலும் ஆழமாகக் குத்தி உட்கார்ந்தால் புண்ணாகி ஒரு காம்பே அடைபட்டுப்போகும். நாலில் ஒன்று போனால் கன்று காம்பு மாற்றி மாற்றி இழுத்து மடியை முட்டிக்கொண்டே இருக்கும், இல்லையென்றால் வேறு பசுவிடம் திருடிக் குடிக்கும். அதற்கு எந்தக் காளையும் மருந்தில்லை, உண்ணியைத்தான் கவனிக்க வேண்டும்.

ஜெர்சி ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பால் கூடினால் தீனியும் கூட வேண்டும். புல் தராததைப் பசு தன் உடம்பிலிருந்து எடுத்துப் பாலாக விடும். இளைத்த பசு பருவத்துக்கு வரத் தாமதமாகும். சினைக்காலம் 283 நாள், வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்று 82 நாளுக்குள் மறுபடி சினைப்பிடிக்க வேண்டும், அது தவறினால் கொஞ்சம் கனமான கன்றுக்காக ஒரு முழுக் கன்றையே இழக்கிறீர்கள். ஜெர்சி கலப்புக் காளைக்கன்றுக்குச் சதைப்பிடிப்பும் குறைவு, ஏலத்தில் விலையும் குறையும்.

இன்னொன்று, பக்கத்துக் கன்றோடு ஒப்பிடாதீர்கள். சிமெண்டாலர் பசு பெரிசு, தின்பதும் அதிகம். உங்கள் கன்று பிரிக்கும்போது தன் தாயின் எடையில் பாதிக்குக் கிட்ட இருந்தால் அந்தப் பசு நல்ல பசு, அதை விற்றுவிடாதீர்கள்.

எனக்கு உறுத்துவது வருஷம் முழுக்கக் காளை விட்டிருப்பதுதான். உங்கள் பக்கத்து மேட்டுப்புல் மழையோடு அக்டோபரில் துளிர்க்கும், மார்ச் தாண்டினால் முற்றி, புரதம் போய், மாடு வயிறு நிறையத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. ஜனவரியில் பிறந்த கன்றுக்குப் புல் தேவைப்படும் நாலாவது மாதம் ஏப்ரல் கடைசியில்தான் வரும், தாயின் பாலும் அப்போது இறங்கியிருக்கும். செப்டம்பரில் பிறந்ததற்கோ பால் உச்சம் நவம்பரில், புல் தேவைப்படும் காலம் ஜனவரியில், இரண்டும் பச்சைப் புல்லோடு சேர்ந்து வருகிறது. ஒரே தாய், ஒரே பால், ஆனாலும் கன்று வேறு.

அதனால் காளையை நவம்பர் நடுவில் விட்டு ஜனவரி கடைசியில் பிரித்தால், ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் பத்துக்குள் எல்லாம் ஈன்றுவிடும். உடனே இப்படிச் சுருக்கினால் பல பசுக்கள் ஒரு வருஷம் சும்மா நிற்கும், ஆகவே முதல் வருஷம் ஆறு மாதம் விடுங்கள், அடுத்த வருஷம் நாலு, அதற்கடுத்து இரண்டரை. ஈனும்போது பசு நடுத்தரச் சதையோடு இருக்க வேண்டும், விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கக் கூடாது, அதற்கு உங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், ஜூன் ஜூலையில், புரத நக்குத்தீனி (மாடு நக்கித் தின்னும் கலவை) வையுங்கள். யூரியா கலந்ததாக இருந்தால் தொட்டியில் மழைத்தண்ணீர் தேங்க விடாதீர்கள், அந்தத் தண்ணீரைக் குடித்தால் மாடு செத்துப்போகும்.