பின்பாரம் ஏறினா ஸ்டியரிங் லேசாயிடும்

கேள்வி: போச்சம்பள்ளிப் பக்கத்துல இருந்து எழுதுறேன் சார். மாங்கா லோடு அடிச்ச பிக்கப்புல குடும்பத்தோட ஊர் சுத்தறதுக்கு கேம்பர் ரூம் கட்டியிருக்கேன். கட்டில், அடுப்பு, பின்கதவு ஓரமா 200 லிட்டர் தண்ணி டேங்க். தொப்பூர் ஏத்தத்துல ஸ்டியரிங் மெதக்குது, எறங்கும்போது வளைவுல பின்னாடி இழுக்குது. ஸ்பிரிங்ல ஒரு பட்டை சேத்துடலாங்கறார் மெக்கானிக். சேக்கலாமா?

பதில்: பட்டை அப்புறம் பாத்துக்கலாங்க, மொதல்ல அந்த டேங்கை எடம் மாத்துங்க. பட்டை சேத்தா வண்டி நிமிந்து நிக்கும், ஆனா ஆக்சில்ல விழற எடை ஒரு கிலோகூட கொறையாது, ஆர்.சி. புக்குல போட்டிருக்கற எடை வரம்பும் ஏறாது. 200 லிட்டர் தண்ணின்னா 200 கிலோ. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 3 மீட்டர்னு வெச்சுக்கோங்க, டேங்க் பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னாடி தொங்குதுன்னா, பின்சக்கரத்துல 267 கிலோ ஏறும், முன்சக்கரத்துல இருந்து 67 கிலோ தூக்கிடும், கெணத்துல தண்ணி எறைக்கற ஏத்தம் போல இருக்கு பாருங்க, அங்க தண்ணி கனக்க இங்க நுனி எழும்புது. ஸ்டியரிங் மெதக்கறதுக்கு இதான் காரணம்.

டேங்கை கேபினை ஒட்டி, தளத்துலயே உக்கார வைங்க. உள்ள தடுப்புத் தகடு இல்லன்னா அரைகொறையா ரொப்பாதீங்க, ஒவ்வொரு வளைவுலயும் தண்ணி ஒரு பக்கமா அடிச்சு வண்டியையே தள்ளும். சிலிண்டர் ஒரு பக்கம்னா பேட்டரி எதிர்ப்பக்கம். மேல பரண்ல போர்வை, துணி மட்டும் போதும், அரிசி மூட்டையெல்லாம் கீழதான்.

அப்புறம் குடும்பத்தையும் ஏத்திக்கிட்டு, தண்ணி ரொப்பி, ஒரு எடை மேடைக்குப் போங்க. முன்சக்கரம் மட்டும் ஏத்தி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு. கழிச்சா பின் ஆக்சில் எடை வந்துடும். ஆர்.சி.ல இருக்கற மொத்த எடையைத் தாண்டினா சாமானை எறக்கிடுங்க, புள்ளைங்க பின்னாடி தூங்கற வண்டி அது, மனசு கேக்காம சொல்றேன். ரூம் கட்டினதை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அனுமதி வாங்கி ஆர்.சி.ல ஏத்தியாச்சான்னும் பாருங்க, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு அதைத்தான் கேக்குது.

டயர் காத்தை கெளம்பறதுக்கு முன்னாடி, சூடு ஏறாதப்பவே பாத்துடுங்க. தருமபுரில இருந்து வரும்போது பாளையம் டோல்கேட் தாண்டி தொப்பூர் எறக்கம் தொடங்கறதுக்குள்ளயே கியரைக் கொறச்சுடுங்க, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே எறங்கினா சூடேறி பிடிக்காமப் போயிடும்.