கட்டையில் மோட்சார்ட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'யு-கார்மென்' என்ற தென்னாப்பிரிக்கப் படம் பார்த்தேன். கேப் டவுனை ஒட்டிய கயெலிட்சாவில் கதை நடக்கிறது. பாட்டெல்லாம் கோசா மொழி, மெட்டு மட்டும் 'கார்மென்' என்ற ஓபராவை (இசை நாடகத்தை) எழுதிய பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸேயுடையது. சொந்த இசை இருக்க, ஐரோப்பிய ஓபராவைப் பாடுவது அடிமைப்புத்தி அல்லவா? ஓபராவை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள்.

அடிமைப்புத்தி என்று இவ்வளவு சுலபமாக எழுதிவிடுகிறீர்கள். தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பாடற்குழுக்கள் தலைமுறைகளாக ஐரோப்பிய இசையமைப்பாளர் ஹாண்டலை டோனிக் சோல்ஃபாவில் (டோ, ரே, மி என்று ஸ்வரங்களை எழுத்தால் குறிக்கும் முறையில்) படித்து, போட்டி போட்டுப் பாடுகிறவை. அவர்களுக்கு இது இரவல் சரக்கல்ல. உங்கள் ஆதங்கம் நல்ல மனதிலிருந்து வருவதுதான். ஆனால் காதைத் தீட்டாத ஆதங்கம்.

அதே இயக்குநர் மார்க் டோர்ன்ஃபோர்ட்-மே 2007இல் மோட்சார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' ஓபராவை மேடையேற்றினார். வயலின் கிடையாது, கோலால் தட்டும் மரக்கட்டை வரிசைகளான மரிம்பாக்கள்தான். அதில் உள்ள வேலையைப் பாருங்கள். மரக்கட்டையைத் தட்டினால் ஒலி சட்டென்று செத்துவிடும். வில் போட்டு இழுத்து நிறுத்த முடியாது. ஸ்வரம் நீளவேண்டுமென்றால் இரண்டு கோலாலும் மாற்றி மாற்றி உருட்ட வேண்டும். உருட்டு மெதுவானால் அடி தனித்தனியாகக் கேட்கும். அழுத்தினால் பாடகர் சொல் அமுங்கிப்போகும். கோல் முனை கடினமாக இருந்தால் தாழ்ந்த கட்டையில் 'டக்' என்ற சத்தம்தான் முன்னே வரும், நாதம் வராது.

இந்த ஓபராவில் வரும் இரவு ராணியின் கோபப் பாட்டு பிரச்சினையே இல்லை. வெட்டி வெட்டிப் போகும் உச்ச ஸ்வரங்கள் கட்டைக்கென்றே எழுதியவை போலிருக்கும். அவள் மகள் பமினாவின் சோகப் பாட்டும் அப்படித்தான்: அங்கே மோட்சார்ட்டே தந்திகளுக்கு இடைவெளி விட்ட சின்னச் சின்ன அடிகளைத்தான் கொடுத்திருக்கிறார். மாட்டிக்கொள்வது கோயில் தலைமைக் குரு சாரஸ்ட்ரோவின் பிரார்த்தனையில். மூலத்தில் அதற்கு வயலின் இல்லை. பாசெட் ஹார்ன், டிராம்போன் போன்ற ஊதுகருவிகளும் வயோலா, செல்லோ என்ற தந்திக் கருவிகளும் சேர்ந்து தாழ்ந்த நாதத்தை நீட்டிப் பிடிக்கும். கட்டையில் அது வேண்டுமென்றால் மென்மையான பெரிய கோல், தாழ்ந்த கட்டை, விடாத உருட்டு. மேலே கோரஸ் மூச்சைப் பகிர்ந்துகொண்டு பாடினால் ஓட்டை அடைபடும்.

பறவை பிடிக்கும் பபகேனோவின் மந்திர மணிகளுக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றிய பாட்டில்கள். நம் ஜலதரங்கக் கிண்ணம் போலவே, தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும். ஊதினாலோ நேரெதிர். எனவே தட்டிச் சுருதி சேர்த்த பாட்டிலை ஊதுவதற்கு எடுக்கக் கூடாது.

இதையெல்லாம் செய்பவனுக்கு மோட்சார்ட் எஜமானா, கையில் கிடைத்த மரமா? கேட்டுவிட்டு எழுதுங்கள். சாரஸ்ட்ரோ பாட்டை முதலில் கேளுங்கள்.