பெரிபெரி என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

மருத்துவப் புத்தகத்தில் கண்ட ‘பெரிபெரி’ என்ற நோயின் பெயரைப் பிரித்து எழுதுவதா, சேர்த்தா, அது தமிழா, பொருள் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

தமிழ் இல்லை. கால் வீங்கிப் பெரிதாவதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், ‘பெரிய’ என்ற சொல்லுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சேர்த்தே எழுதுங்கள். பழைய ஆங்கில நூல்களில் நடுவே ஒரு சிறு கோடு இருக்கும், இப்போது அதை விட்டுவிட்டார்கள். உச்சரிக்கும்போது ‘பஸ்’ஸில் வருகிற அழுத்தமான ப.

கொழும்பில் இருக்கிற நமக்கு இதன் வேர் தினமும் காதில் விழுகிற ஒன்றுதான். “மட்ட பே” என்று சிங்களத்தில் சொன்னால் “எனக்கு ஏலாது” என்று பொருள். அந்த ‘பே’க்கு நெருங்கிய சொந்தம் ‘பெரி’. (வாயை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து சொல்ல வேண்டும். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லாததால் ‘பெ’ என்று எழுதுகிறோம்.) இரட்டித்தால் “ஏலாது, ஏலாது”. அகராதிகள் பெரும்பாலும் இந்தச் சிங்கள வேரைத்தான் காட்டுகின்றன.

வேறு கதையும் உண்டு. பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், வேலை பார்த்த டச்சு வைத்தியர் பொந்தியஸின் நூல் அவர் இறந்த பிறகு 1642இல் வந்தது. நோயாளிகள் செம்மறியாடு மாதிரி நடப்பதால் அங்குள்ளவர்கள் இப்படி அழைக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். மலாய் மொழியில் ‘பிரி பிரி’ என்றால் செம்மறிதான். ஆனாலும் எனக்குச் சிங்கள விளக்கமே மனதுக்குப் படுகிறது. இந்த நோய் வந்தவரைக் குந்தியிருந்து எழும்பச் சொல்லிப் பாருங்கள். தொடையில் கையை ஊன்றுவார், பாதி எழும்புவார், திரும்ப இருந்துவிடுவார். அந்த நேரத்தில் வாயில் வேறென்ன வரும்?

காரணம் தயமின், அதாவது விற்றமின் பி1, உடம்பில் குறைந்துபோவது. நரம்பைத் தாக்கிக் கைகால் மரத்து வலுவிழந்தால் உலர் பெரிபெரி. இதயத்தைத் தாக்கிக் கால் வீங்கி மூச்சு வாங்கினால் ஈரப் பெரிபெரி. கணுக்காலுக்கு மேலே விரலால் அமத்தினால் குழி அப்படியே நிற்கும்.

நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு விஷயம் அரிசி. தயமின் அதிகம் இருப்பது தவிட்டில். மில்லில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியில் அது போய்விடுகிறது, மிஞ்சியதில் கொஞ்சம் கழுவுகிற தண்ணீரோடும் போகிறது. நெல்லை அவித்தால் தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் கணிசமாக மிஞ்சும். நூறு வருடத்துக்கு முந்திய மலாயாவில் தீட்டிய வெள்ளையரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக இந்த நோயில் விழுந்தபோது, புழுங்கல் சாப்பிட்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். அங்கிருந்த பிரித்தானிய வைத்தியர்களுக்கு அரிசியில் சந்தேகம் வர இதுவும் ஒரு காரணம். பத்தேவியாவில் டச்சு வைத்தியர் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விழுந்து கிடப்பதையும், தவிடு கொடுத்தால் தேறுவதையும் கண்டார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாட்டரிசிச் சோறு பழசு என்று முகம் சுளிக்கிற பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது இந்தப் பெயரை அரிதாகத்தான் கேட்கிறோம், ஆனால் நோய் போய்விடவில்லை. வருடக்கணக்காக அளவுக்கு மீறிக் குடிப்பவர்கள், கர்ப்பத்தில் வாந்தி நிற்காதவர்கள், உடல் எடை குறைக்க இரைப்பையில் ஒப்பரேஷன் செய்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வைத்தியரின் துண்டில் ‘தயமின் குறைபாடு’ என்று இருந்தால் இதே சங்கதிதான். ஈரப் பெரிபெரி என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தயமின் ஊசி போட்டால் பெரும்பாலும் வேகமாகத் தேறிவிடுவார்கள்.