கேள்வி – பதில்: நீதிபதி ஃபிராங்க் ஜான்சன்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஃபிராங்க் ஜான்சன் என்ற ஃபெடரல் (மத்திய அரசு நீதிமன்ற) நீதிபதியின் பெயர் வருகிறது. அவர் இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டவர் என்றும் அறிந்தேன். போர்க்களம்தான் அவரை அப்படிப்பட்ட நீதிபதியாக ஆக்கியதா?

பதில்: போருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் முதல் பங்கு அவர் பிறந்த மண்ணுக்கே என்பது என் கருத்து. 1918-இல் அவர் பிறந்த வின்ஸ்டன் கவுண்டி, அலபாமா மாநிலத்தின் வடக்கே உள்ள வளம் குறைந்த மலைப்பகுதி. பெரிய பருத்திப் பண்ணைகளோ, அவற்றில் வதைபட்ட அடிமைகளோ அங்கே அதிகம் இருந்ததில்லை. அதனால் 1861-இல் அடிமை முறையைக் காக்க அலபாமா அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது அந்தப் பிரிவினைக்கு வின்ஸ்டன் மக்கள் உடன்பட மறுத்தார்கள். பிற்காலத்தில் மாநிலமே ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்தபோதும் ஜான்சனின் குடும்பம் லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சியிலேயே இருந்தது. ஊர் முழுவதும் ஒரு பக்கம் நிற்கையில் தனியே மறுபக்கம் நிற்பது அவருக்குச் சிறு வயதிலேயே பழகிப்போனது.

1943-இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை முடித்து ராணுவத்தில் சேர்ந்த அவர், காலாட்படை அதிகாரியாக நார்மண்டியில் போரிட்டுக் காயமடைந்தார். வெண்கல நட்சத்திரப் பதக்கமும் பெற்றார். உடல் தேறிய பிறகு இங்கிலாந்தில் அவருக்கு ராணுவ வழக்குகளைக் கவனிக்கும் பணி கிடைத்தது. லிச்ஃபீல்டில் இருந்த அமெரிக்க ராணுவச் சிறையில் கைதிகளைக் கொடுமைப்படுத்தியதாகக் காவலர்கள்மீது வழக்கு வந்தபோது அவர்களுக்காக வாதாடியவர்களில் அவரும் ஒருவர். கீழ்நிலைச் சிப்பாய்களைத் தண்டித்துவிட்டு, பொறுப்பில் இருந்த மேலதிகாரிகளைத் தப்பவிடக் கூடாது என்பது அவருடைய வாதம். போர் அவருக்கு எதையாவது கற்றுத் தந்தது என்றால், குண்டடிபட்ட நாளைவிட இந்த வழக்கில்தான் அதைத் தேட வேண்டும் என்று நினைக்கிறேன். பின்னாளில் சிறை வார்டன்களோடு நிற்காமல் ஆளுநர் வரை பொறுப்பாக்கிய நீதிபதியின் சாயல் இந்த இளம் வழக்கறிஞரிடமே தெரிகிறது.

1955-இல் அதிபர் ஐசனோவர் அவரை அலபாமாவின் தலைநகரான மாண்ட்கோமரியில் ஃபெடரல் நீதிபதியாக நியமித்தார். பதவியேற்றபோது அவருக்கு வயது 37.

கேள்வி: ரோசா பார்க்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தவர் இவர்தானா?

பதில்: இல்லை. பலரும் அப்படி நினைக்கிறார்கள். 1955-இல் மாண்ட்கோமரி பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ்மீது போடப்பட்டது மாநில நீதிமன்றத்துக் குற்ற வழக்கு. பேருந்துகளில் இனவாரியாக இருக்கை பிரிப்பதை ஒழித்தது, நான்கு பெண்கள் தொடுத்த பிரௌடர் எதிர் கேல் என்ற தனி வழக்கு. அந்த நால்வரில் ஒருவரான கிளாடெட் கால்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதங்கள் முன்பே, 15 வயதில், இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானவர். மூன்று நீதிபதிகள் விசாரித்த அந்த வழக்கில் 1956 ஜூனில் ரிச்சர்ட் ரைவ்ஸும் ஜான்சனும் ஒரு பக்கமாகவும், மூன்றாமவர் எதிர்ப்பக்கமாகவும் நின்றார்கள். பள்ளிகளில் பாகுபாடு கூடாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது பேருந்துகளுக்கும் பொருந்தும் என்று அவ்விருவரும் தீர்ப்பளித்தபோது, ஜான்சன் பதவியேற்று ஓராண்டுகூட நிறையவில்லை. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

கேள்வி: செல்மா பேரணிக்கு முதலில் தடை விதித்தவரும் அவரே, பிறகு அனுமதித்தவரும் அவரே. அரசியல் அழுத்தத்துக்குப் பணிந்தாரா?

பதில்: அவரைச் சரியாகப் புரிந்துகொள்ள இந்த நிகழ்வே போதும். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக அலபாமாவின் செல்மா நகரிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடக்கப் புறப்பட்ட பேரணியினர், 1965 மார்ச் 7 அன்று செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் காவல் படையினரால் தாக்கப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து மீண்டும் நடக்க அவர்கள் முனைந்தபோது, விசாரணை முடியும் வரை காத்திருக்குமாறு ஜான்சன் உத்தரவிட்டார். போராட்டக்காரர்களுக்கு அது கசந்தது. அந்தக் கசப்பு நியாயமானதே. ஆனால் சாட்சியம் கேட்காமல் எந்தத் தரப்புக்கும் எதையும் தருவது அவர் வழக்கமில்லை. நீதிமன்றத்திலேயே அந்தத் தாக்குதலின் படச்சுருள் திரையிடப்பட்டது. எத்தனை பேர் நடப்பார்கள், எங்கே தங்குவார்கள் என்ற திட்டத்தை எழுத்தில் பெற்றுக்கொண்டு, மார்ச் 17 அன்று அனுமதி வழங்கினார். இழைக்கப்பட்ட அநீதி எவ்வளவு பெரிதோ, அதை எதிர்த்து அமைதியாகத் திரள்வதற்கான உரிமையும் அந்த அளவுக்கு விரிந்திருக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அதே தீர்ப்பில், சாலை இரு வழித்தடமாகக் குறுகும் பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு.

கேள்வி: ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அவருடைய கல்லூரித் தோழராமே?

பதில்: ஆம், சட்டக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். இனப் பாகுபாட்டை ஆதரித்த வாலஸ் மாநில நீதிபதியாக இருந்தபோது, கறுப்பர்களுக்கு வாக்குரிமை மறுக்கப்படுவதை விசாரித்த ஃபெடரல் ஆணையத்துக்கு வாக்காளர் பதிவேடுகளைத் தர மாட்டேன் என்று மேடைகளில் முழங்கினார். சிறைக்கு அனுப்ப நேரும் என்று ஜான்சன் எச்சரித்ததும், அவற்றை கிராண்ட் ஜூரிகள் (குற்றச்சாட்டுகளை ஆராயும் பொதுமக்கள் குழுக்கள்) மூலம் சத்தமில்லாமல் கிடைக்கச் செய்தார். 1959-இல் அவரை நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்திலிருந்து விடுவித்த ஜான்சன், நடந்த இந்த உண்மையைத் தீர்ப்பிலேயே எழுதிவைத்தார். வாலஸ் அதை மறக்கவில்லை. வெள்ளை இனவெறியர்களின் மிரட்டல்களும் ஜான்சனுக்கு இருந்தன: அவர் வீட்டு முன் சிலுவை எரிக்கப்பட்டது. 1967-இல் அவருடைய தாயார் வசித்த வீட்டில் குண்டு வெடித்தது, நல்லவேளையாகத் தாயார் உயிர் தப்பினார். ஃபெடரல் நீதிபதி ஆயுள் முழுவதும் பதவியில் இருக்கலாம், அவருடைய சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது என்ற அரசியல் சட்டப் பாதுகாப்பு இல்லாதிருந்தால், எத்தனை துணிவு இருந்தும் அவரால் அங்கே தொடர்ந்திருக்க முடியுமா என்பது ஐயமே.

கேள்வி: மருத்துவமனையில் எத்தனை பேருக்கு ஒரு கழிவறை என்று கணக்குச் சொல்வது நீதிபதியின் வேலையா? அவர் எல்லை மீறினார் என்ற விமர்சனத்துக்கு உங்கள் பதில் என்ன?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது வயட் எதிர் ஸ்டிக்னி வழக்கு. டஸ்கலூசாவில் உள்ள பிரைஸ் மனநல மருத்துவமனையில் 1970-இல் நிதி குறைந்து 99 ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். அங்கே அடைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஏறத்தாழ 5,000 பேர். ஒரு நோயாளியின் ஒரு நாள் உணவுக்கு 50 சென்ட்டுக்கும் குறைவாகவே செலவிடப்பட்டது. சிகிச்சைக்காக என்று சொல்லி ஒருவரை அவர் விருப்பமின்றி அடைத்துவைத்துவிட்டு, அந்தச் சிகிச்சையை அளிக்காமல் விடுவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 1971 மார்ச்சில் ஜான்சன் தீர்ப்பளித்தார். அத்துடன் குறைகளைச் சரிசெய்ய மாநில அரசுக்கு ஆறு மாத அவகாசமும் தந்தார். எதுவும் உருப்படியாக நடக்காத பிறகுதான், ஓர் அறையில் ஆறு பேருக்கு மேல் கூடாது, எட்டுப் பேருக்கு ஒரு கழிவறை வேண்டும் என்று 1972-இல் அவரே அளவுகோல்களை வகுக்க வேண்டி வந்தது.

அலபாமா சிறைகளின் நிலை பற்றிய வழக்கிலும் இதே கதைதான். டிரேப்பர் சிறையில் 'நாய்க்கூண்டு' என்று அழைக்கப்பட்ட தனிமைச் சிறை இருந்தது. நான்கடிக்கு எட்டடி அறைகளில் சில நேரம் ஆறு பேர் வரை அடைக்கப்பட்டார்கள். கட்டில் இல்லை, விளக்கு இல்லை, குழாய் இல்லை. கழிவுக்குத் தரையில் ஒரு துளை, அதில் நீர் விடுவதும் வெளியில் இருப்பவர் கையில். 1976 தீர்ப்பில் ஜான்சன் இவற்றை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்திருக்கிறார்.

எல்லை மீறல் என்ற விமர்சனத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். சிறை வழக்கில் அவர் பிறப்பித்த உத்தரவுகளில் சிலவற்றை மேல்முறையீட்டு நீதிமன்றமே 1977-இல் நீக்கியது. ஆனால் நிலைமை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்ற அடிப்படை முடிவை அது மாற்றவில்லை. சட்டமன்றம் நிதி ஒதுக்க மறுத்து, நிர்வாகமும் கைகட்டி நின்றபோது, வாக்கு பலம் இல்லாத அந்த நோயாளிகளுக்கும் கைதிகளுக்கும் போக வேறு வாசல் எது? செல்மா தீர்ப்பை நாடே கவனித்துக்கொண்டிருந்தது. பிரைஸ் நோயாளிகளுக்காகத் தெருவில் இறங்க யாரும் இருக்கவில்லை. ஆகவே அவருடைய பணிகளில் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன். வயட் வழக்கு 2003 வரை நடந்தது; ஜான்சன் 1999-இலேயே காலமாகிவிட்டார்.