கிளீவ்: பிளப்பதா, ஒட்டுவதா?

அன்புள்ள ஐயா,

கிங் ஜேம்ஸ் பைபிளை ஆங்கிலத்திலேயே படித்து வருகிறேன். ஆதியாகமம் 2:24-இல், கணவன் தாய் தகப்பனை விட்டு மனைவியோடு ‘கிளீவ்’ ஆவான் என்று இருக்கிறது. 22:3-இல் ஆபிரகாம் பலிக்கு விறகு பிளப்பதற்கும் அதே சொல். வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் ஒரே சொல்லா? பிரிவும் சேர்க்கையும் ஒன்றே என்ற தத்துவம் இதில் இருக்கிறதா?

செ.

அன்புள்ள செ.,

இரண்டு வசனங்களையும் இணைத்துப் பார்த்தது நல்ல வாசிப்பு. ஆனால் அங்கே தத்துவம் இல்லை. அது ஒரே சொல்லும் அல்ல.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ‘கிளேயோவன்’ என்றால் பிளப்பது, ‘கிளிவியன்’ என்றால் ஒட்டிக்கொள்வது. 1066-இல் பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து இங்கிலாந்துக்கு வந்ததற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் ஒலிகள் தேய்ந்து, இரண்டும் ஒரே வடிவத்தில் வந்து நின்றன. நதியும் ஆறு, எண்ணும் ஆறு என்பதால் நாம் அவற்றுக்கு உறவு தேடுவதில்லையே!

உறவினர்களைப் பார்த்தால் குடும்பம் தெரிந்துவிடும். கசாப்புக் கடையில் எலும்பு வெட்டும் ‘கிளீவர்’, உதட்டுப் பிளவைச் சொல்லும் ‘கிளெஃப்ட்’ எல்லாம் முதல் வினையின் பிள்ளைகள். செதுக்குவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்றும் இதே வேர்தான். எகிப்தியச் சித்திர எழுத்தின் பெயரான ‘ஹைரோகிளிஃப்’ அதிலிருந்து வந்தது. களிமண்ணைச் சொல்லும் ‘கிளே’, பசையைச் சொல்லும் ‘குளூ’ இரண்டும் மற்ற வினையின் பக்கம். பிசுபிசுப்புதான் அந்த வீட்டின் அடையாளம்.

சமையலறையிலும் இதே கதை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பூண்டுப் பல்லும் ஆங்கிலத்தில் ‘குளோவ்’, கிராம்பும் ‘குளோவ்’. பூண்டு பிளந்து பிரிவதால் அந்தப் பெயர், அது நம் வெட்டும் சொல்லின் சொந்தம். கிராம்போ ஆணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு கிராம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஆணியேதான்.

சரி, பைபிளுக்கு வருவோம். எபிரேய மூலத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. மனைவியோடு சேர்வதற்கு ‘தாவக்’ என்ற வேர், விறகு பிளப்பதற்கு ‘பகா’. நம் தமிழ் பைபிளும் ‘இசைந்திருப்பான்’ என்றும் ‘பிளந்து’ என்றும் தெளிவாகப் பிரித்தே சொல்கிறது. 1611-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் கையில் இருந்த இரண்டு சொற்களும் ஒரே மாதிரி ஒலித்தன, அவ்வளவுதான்.

அப்புறம், நல்ல பெரிய அகராதி ஒன்றில் மறுபடி தேடிப் பாருங்கள். ‘கிளீவ்’ அங்கே 1, 2 என்று எண்ணிட்டு, இரண்டு தனித் தலைச்சொற்களாக இருக்கும்.