மருந்தை நிறுத்துங்கள், முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

கேள்வி: 200 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்து, தண்ணீர் நிரப்பிய மூன்றாம் நாளே ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த பன்னிரண்டு சிக்லிட் மீன்களை விட்டேன்: ஆறு மஞ்சள் லேபிடோக்ரோமிஸ், நான்கு டெமசோனி, இரண்டு ஆரட்டஸ். தினமும் மூன்று வேளை உறைந்த இரத்தப்புழு கொடுத்தேன். இரண்டாம் வாரம் தண்ணீர் கலங்கியதால் முழுவதையும் மாற்றி, ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவினேன். அதன்பின் இரண்டு டெமசோனிகள் இறந்துவிட்டன. மற்றவற்றில் சிலவற்றின் உடலில் வெண்புள்ளிகள் தெரிகின்றன. ஓர் ஆரட்டஸ் சாப்பிடாமல் வயிறு உப்பி, வெள்ளை நூல்போலக் கழிக்கிறது. ஒரு மஞ்சள் மீனும் நான்கு நாட்களாக உணவைத் தொடவில்லை. அதன் தொண்டை புடைத்திருக்கிறது. கடைக்காரர் சொன்னபடி மெத்திலீன் நீலம் என்ற நீலநிற மருந்தை ஊற்றினேன். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.4 தான் இருப்பதால் அதை 8.5க்கு உயர்த்தும் பொடியையும் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

அந்தப் பொடியை இப்போது போடாதீர்கள். மலாவி ஏரியின் தண்ணீர் காரத்தன்மை உடையது, அங்குள்ள மீன்களுக்குப் பி.எச். 7.8 முதல் 8.6 வரை இருப்பது நல்லது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் உங்கள் தொட்டியில் இன்று அம்மோனியா இருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. அம்மோனியா இருக்கும் தண்ணீரில் பி.எச். அளவை உயர்த்துவது மீன்களைக் கொன்றுவிடக்கூடும். தண்ணீரில் கரைந்த அம்மோனியாவின் ஒரு பகுதி அதிகத் தீங்கு செய்யாத அம்மோனியம் வடிவிலும், மற்றொரு பகுதி செவுளை அரிக்கும் நச்சு வடிவிலும் இருக்கும். பி.எச். 7இல் நச்சுப் பகுதி நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, 8.3இல் அதுவே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. சோதனைக் குப்பியில் அதே அளவு அம்மோனியாவே காட்டினாலும், பி.எச். ஏறிய தண்ணீரில் அது பல மடங்கு கொடியதாக இருக்கும். தொட்டி பக்குவப்படாத நிலையில், 7.4 என்ற அளவு உங்கள் மீன்களுக்குச் சற்றே பாதுகாப்பாக இருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

அம்மோனியா ஏன் சேர்ந்தது என்பதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகிவிடும். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் உண்டாகும் அம்மோனியாவை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் நச்சு. நைட்ரேட் ஓரளவு தாங்கக்கூடியது, வாராந்தரத் தண்ணீர் மாற்றத்திலேயே குறைந்துவிடும். இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும்தான் குடியேறுகின்றன. அவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளில் உங்கள் தொட்டியில் அவை இருந்திருக்க வாய்ப்பே இல்லை. பிறகு மெல்ல வளரத் தொடங்கியவற்றையும் குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின் அழித்துவிட்டது. எஞ்சியவற்றை மெத்திலீன் நீலம் பாதித்திருக்கும். இனி ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும், அழுக்கு போகும் அளவுக்கு இலேசாகப் பிழிந்தால் போதும்.

இன்று செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பாதித் தண்ணீரை வெளியேற்றி, குளோரின் நீக்கி கலந்த, அதே வெப்பநிலையில் உள்ள புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஃபில்டரில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒன்றை வையுங்கள். நீலம் ஓரிரு நாளில் வெளுத்துவிடும். நீலம் நீங்குவதற்கு முன் அம்மோனியாவைச் சோதித்து முடிவுக்கு வர வேண்டாம். சொட்டு விடும் கிட்டுகள் பெரும்பாலானவற்றில் மஞ்சள் நல்லதற்கும் பச்சை ஆபத்துக்கும் அடையாளம். நீலம் கலந்த தண்ணீரிலோ மஞ்சள்கூடப் பச்சையாகத்தான் தெரியும். தண்ணீர் தெளிந்தபின் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் தினமும் பாருங்கள். எதுவாயினும் லிட்டருக்கு 0.25 மில்லிகிராமைத் தாண்டினால் அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். சில வாரங்களுக்கு இது அலுப்பான வேலைதான், ஆனால் இதற்கு மாற்று கிடையாது. எல்லா மீன்களுக்கும் மூன்று நாட்கள் உணவே வேண்டாம். நலமான சிக்லிட்டுக்கு மூன்று நாள் பட்டினி ஒன்றும் செய்யாது.

அடுத்து வெண்புள்ளி. உடலிலும் துடுப்புகளிலும் உப்புத்தூள் தூவியதுபோல் தெரியும் இந்த நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணி, புள்ளியாகத் தெரியும் பருவத்தில் தோலுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் எந்த மருந்தும் அதைத் தொடுவதில்லை. முதிர்ந்ததும் அது உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பிரிகிறது. அதிலிருந்து வெளிவரும் குஞ்சு உயிரிகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றிக்கொள்ளாவிட்டால் இறந்துபோகும். அவை நீந்தித் திரியும் அந்தச் சிறு இடைவெளியில்தான் நம் சிகிச்சை வேலை செய்கிறது. அம்மோனியா குறைந்ததை உறுதி செய்துகொண்டு (வெப்பம் கூடினாலும் நச்சுப் பங்கு கூடும்), ஹீட்டரை நாளொன்றுக்கு ஓரிரு டிகிரி வீதம் 29 அல்லது 30 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்துங்கள். அந்த வெப்பத்தில் ஒட்டுண்ணியின் சுழற்சி சில நாட்களிலேயே முடிந்துவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் ஏர் பம்ப் இடைவிடாது ஓட வேண்டும். கூடவே, வேறெதுவும் சேராத கல் உப்பை லிட்டருக்கு 2 கிராம் கணக்கில், கரைத்து, இரண்டு நாட்களில் பிரித்துச் சேருங்கள். பாறையும் மணலும் அடைத்த இடம் போக உங்கள் தொட்டியில் 170 லிட்டர் தண்ணீர் இருந்தால், 340 கிராம் போதும். இந்த உப்பு நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் ஏறுவதையும் தடுக்கும் என்பது உங்கள் தொட்டிக்குக் கூடுதல் நன்மை. தண்ணீர் மாற்றும்போதெல்லாம், ஊற்றும் தண்ணீருக்கும் அதே விகிதத்தில் உப்புச் சேர்க்க மறக்காதீர்கள். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் இதைத் தொடர வேண்டும். புள்ளி போய்விட்டதே என்று நிறுத்துகிறவர்களின் தொட்டியில்தான் நோய் திரும்ப வருகிறது.

வயிறு உப்பிய ஆரட்டஸின் நிலை வேறு. அது மலாவி வீக்கம் என்று மீன் வளர்ப்போர் அழைக்கும் நோய். எம்புனா எனப்படும் பாறைவாழ் மலாவி மீன்களில் பெரும்பாலானவை பாறை மேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்பவை; அவற்றின் நீண்ட குடல் நார்ப்பொருளுக்கு ஏற்றது. மூன்று வேளை இரத்தப்புழுவும், அதன்மேல் மோசமான தண்ணீரும் சேரும்போது, குடலில் அடங்கிக் கிடந்த நுண்ணுயிரிகள் பெருகிவிடுகின்றன. இந்த மீனை 40 லிட்டர் அளவுள்ள தனித்தொட்டிக்கு மாற்றி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு ஆகியவற்றோடு விடுங்கள். 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) வயிற்று வீக்கத்தைத் தணிக்க உதவும். இதற்கு வழக்கமாகத் தரப்படும் மருந்து மெட்ரோனிடசோல். அதன் அளவையும் நாட்களையும் மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். மீன் கொஞ்சமாவது சாப்பிடும் நிலையில் மருந்தை உணவில் கலந்து கொடுப்பதே மிகவும் பயன்தரும். ஆனால் செதில்கள் சிலிர்த்து நிற்கத் தொடங்கிவிட்டால் பிழைப்பது அரிது என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

மஞ்சள் மீனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பெரும்பாலும் அதற்கு நோய் எதுவும் இல்லை. புடைத்திருப்பது வயிறு இல்லாமல் கீழ்த்தாடைக்கு அடியில் உள்ள தொண்டைப் பகுதி என்றால், அது வாயில் முட்டைகளை அடைகாக்கும் பெண் மீன். சற்று நேரம் அசையாமல் நின்று பாருங்கள்: எதையோ மெல்லுவதுபோல் அவ்வப்போது வாயை அசைக்கும், முட்டைகளைப் புரட்டும் அசைவு அது. மூன்று வாரங்களுக்கு மேல்கூட உணவின்றி இருக்கும். வலையால் பிடித்தால் மிரண்டு முட்டைகளைத் துப்பிவிடும் என்பதால், இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வீக்க நோய்க்கான மருந்தைப் பெரிய தொட்டியில் போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்தத் தாயும் ஒரு காரணம்.

இதெல்லாம் அடங்கிய பிறகு மீன்களின் சேர்க்கையைச் சரிசெய்ய வேண்டும். ஆரட்டஸ் எம்புனாக்களிலேயே மூர்க்கமானது. பிழைத்தாலும் உங்கள் அளவுத் தொட்டியில் அதை வைத்துக்கொள்வது மற்ற மீன்களுக்கு நியாயமில்லை, இரண்டையும் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டெமசோனியைப் பத்துப் பன்னிரண்டுக்குக் குறையாத கூட்டமாக வளர்க்க வேண்டும், அல்லது வளர்க்காமலே இருக்க வேண்டும். சிலவே இருந்தால் வலியது மற்றவற்றை ஒவ்வொன்றாக அடித்துத் தீர்த்துவிடும். மஞ்சள் மீன்களில் ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கு நல்லது. பாறைகளை மணலின் மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்திலேயே நிறுத்தி, பிறகு சுற்றி மணலைப் பரப்புங்கள். இம்மீன்கள் ஓயாமல் மணலைத் தோண்டுபவை. மணல் மேல் நின்ற பாறை சரிந்தால் மீனும் நசுங்கும், கண்ணாடியும் உடையும்.

பி.எச். அளவைப் பற்றி இறுதியாக: அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்ஜியமாக இருந்த பின், ஃபில்டரில் ஒரு பை பவளத் துண்டுகளை வையுங்கள். அவை மெல்லக் கரைந்து, தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் தாமே உயர்த்தி நிலைநிறுத்தும். உணவு, ஸ்பைருலினா என்ற நுண்பாசி கலந்த குருணையாக, நாளுக்கு இரண்டு முறை, ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே இருக்கட்டும். தனித்தொட்டியைக் கலைத்துவிடாதீர்கள், அடுத்து வாங்கும் எந்த மீனும் நான்கு வாரம் அதில் இருந்து, நன்றாகத் தின்று, உடலில் புள்ளி எதுவும் இல்லாமல் தேறிய பிறகே பெரிய தொட்டிக்குச் செல்ல வேண்டும்.