கார்டு கடனை மாற்ற இன்னொரு கார்டு கேட்டால் ஏன் மறுக்கிறார்கள்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 35,000 ரூபாய். இரண்டு கிரெடிட் கார்டுகளிலும் சேர்த்து லிமிட் 2 லட்சம், நிலுவை 1,80,000. மாதம் 9,000 ரூபாய் மினிமம் டியூ, அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை, தவறாமல் கட்டுகிறேன். பைக் தவணை தனியாக 4,500. வட்டி தாங்காமல், பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் (ஒரு கார்டின் நிலுவையை வட்டி குறைந்த இன்னொரு கார்டுக்கு மாற்றுவது) செய்துகொள்ளலாம் என்று இரண்டு மாதத்தில் மூன்று வங்கிகளில் புதுக் கார்டு கேட்டேன். மூன்றிலும் இல்லை என்றுவிட்டார்கள். ஒரு தவணைகூடத் தவறாத எனக்கு ஏன் இப்படி? அடுத்து எங்கே கேட்கலாம்?

பதில்: புதுக் கார்டு எங்கேயும் கேட்காதீர்கள், குறைந்தது ஆறு மாதத்துக்கு. நீங்களாக உங்கள் சிபில் ஸ்கோரை, அதாவது கடன்களை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதற்கான மதிப்பெண்ணை, பார்த்தால் அது குறையாது. ஆனால் நீங்கள் விண்ணப்பித்ததால் வங்கி பார்த்தால், அந்த விசாரணை உங்கள் கடன் அறிக்கையில் பதிவாகும். இரண்டு மாதத்தில் மூன்று பதிவு என்றால், நான்காவது வங்கி ‘இவர் பணத்துக்கு அலைகிறார்’ என்றுதான் நினைக்கும்.

தவணை தவறாதது நல்ல விஷயம்தான். ஆனால் வங்கி அதை மட்டும் பார்ப்பதில்லை. 2 லட்சம் லிமிட்டில் 1,80,000 பயன்பாடு என்றால் 90 சதவீதம். பொதுவாக 30 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். அப்புறம், கார்டு மினிமமும் பைக் தவணையும் சேர்ந்து 13,500 ரூபாய். சம்பளத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் அதிலேயே போய்விடுகிறது. போதாததற்கு, 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி கார்டு கடனுக்கான ரிஸ்க் வெயிட்டை வங்கிகளுக்கு 125-லிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. அதாவது, அந்தக் கடனுக்கு வங்கி தன் மூலதனத்தை முன்பைவிட அதிகமாக ஒதுக்கிவைக்க வேண்டும். ஈடில்லாத கடன் கொடுக்க வங்கிகள் இன்னும் யோசிக்கின்றன. கடன் மாற்றும் கார்டு எளிதாகக் கிடைப்பது அது அவ்வளவாகத் தேவைப்படாதவர்களுக்குத்தான். எரிச்சலான விஷயம், ஆனால் நிலைமை அதுதான்.

மறுத்ததற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மூன்று வங்கிகளுக்கும் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். கூடவே உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கடன் தகவல் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்குமே வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். முடித்த கடன் முடியாததுபோல் காட்டினால் புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

இப்போது முக்கியமான கணக்கு. மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 1,80,000-க்கு வட்டி 6,300. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,134. ஆக 7,434 ரூபாய். நீங்கள் கட்டும் 9,000-ல் அசலில் குறைவது 1,566 மட்டுமே! நிலுவை குறையக் குறைய மினிமமும் குறையும். அதை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும். விடாமல் 9,000 கட்டினாலும் தீர 43 மாதத்துக்கு மேல் ஆகும். அதே 9,000-ஐ ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் கட்டினால் 22 மாதம். 16 சதவீதம் என்றாலும் 24 மாதம்தான்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது புதுக் கார்டு இல்லை, வட்டி குறைந்த கடன். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன் வாங்கி இரண்டு கார்டையும் அடைத்துவிடுவதுதான் என் முதல் யோசனை. நகை ஈடாக இருப்பதால் ஸ்கோரை அவ்வளவு பார்க்க மாட்டார்கள். ஆனால் வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைக்கும் பழக்கம் கூடாது. மாதாமாதம் அசலோடு கட்டுங்கள். எல்ஐசி பாலிசி இருந்தால் அதன் சரண்டர் மதிப்பின் (பாலிசியை இடையில் முடித்தால் கிடைக்கும் தொகை) மேலும் கடன் கிடைக்கும். டெபாசிட் ஏதாவது இருந்தால் யோசிக்காமல் உடைத்துவிடுங்கள். 7 சதவீதம் தரும் டெபாசிட்டை வைத்துக்கொண்டு 42 சதவீத வட்டி கட்டுவதில் அர்த்தமே இல்லை.

இவை எதுவும் இல்லையென்றால், கார்டு கொடுத்த வங்கிகளிடமே நிலுவையை இஎம்ஐ-ஆக மாற்றித் தரச் சொல்லுங்கள். வட்டி வங்கிக்கு வங்கி மாறும். செயலாக்கக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சம்பளம் வரும் வங்கியின் செயலியில் முன்கூட்டியே அனுமதித்த தனிநபர் கடன் காட்டினால் அதையும் ஒப்பிடலாம்.

இன்றிலிருந்து இரண்டு கார்டிலும் எதுவும் வாங்காதீர்கள். பழைய நிலுவை இருக்கும்வரை வட்டியில்லா நாட்கள் கிடையாது. இன்று வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

‘சிபில் கிளியர் பண்ணித் தருகிறோம்’ என்று போஸ்டர் ஒட்டுபவர்களிடம் போகாதீர்கள். சரியாகப் பதிவான ஒன்றை அவர்களால் அழிக்க முடியாது. பாதித் தொகையில் செட்டில்மென்ட் என்று யாராவது சொன்னாலும், தவறாமல் கட்டும் உங்களுக்கு அது வேண்டாம். ‘செட்டில்டு’ என்ற பதிவு பின்னாளில் வீட்டுக்கடன் கேட்கும்போது குறுக்கே நிற்கும்.

கடன் அடைந்ததும் இரண்டு கார்டையும் உடனே ரத்துசெய்ய வேண்டியதில்லை. பழைய கார்டு இருந்தால் லிமிட் கூடுதலாகத் தெரியும், பயன்பாட்டு விகிதம் குறையும். ஆனால் கையில் கார்டு இருந்தால் செலவு நிற்காது என்று உங்களுக்கே தோன்றினால், ஸ்கோரைப் பற்றிக் கவலைப்படாமல் ஒன்றை மூடிவிடுங்கள்.